'சரிங்' என்றால் சரிதானா? வாய் பேசாத பேச்சைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது நடந்தது இது. பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே ஒரே நாளில் பதினோரு வீடு. எங்கள் பக்கம் நெருங்கின சொந்தத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் அதை அழைப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வந்துருங்க' என்று சொல்லியாக வேண்டும். நான்காவது வீட்டில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா, ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். வார்த்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முகம் டிவி பக்கம் திரும்பியிருந்தது. சத்தத்தையும் குறைக்கவில்லை. பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், முகம் மறுபடி டிவிக்கே போய்விட்டது.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார், பேச முடியாது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலைத் தட்டிவிட்டு உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

கார் ஊரைத் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். "எங்கண்ணன் வான்னுகூடக் கேக்கல, பாத்தியா?" இரண்டு முறை 'வாங்க' சொன்ன மனுசனைத்தான் அப்படிச் சொல்கிறாள். வாயே திறக்காத பெரியவரைப் பற்றிப் பேசும்போது, "எப்படி வாய் நிறைய வாங்கன்னு கேட்டாரு!" வாய் நிறைய இருந்தது வெற்றிலை என்று நான் சொன்னதற்கு முறைத்தாள். (மாமா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் அம்மா தப்பு, நானும் தப்பு.)

இதைத்தான் புத்தகங்களில் சொற்களற்ற தொடர்பு என்கிறார்கள். உடல்மொழி என்ற சொல் இன்னும் பிரபலம், ஆனால் அது கொஞ்சம் குறுகலானது. உடம்பு மட்டுமில்லை, குரல் ஏறி இறங்குவது, பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம், எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது, யாருக்கு எந்த நாற்காலி, எந்த டம்ளரில் காப்பி, இவை எல்லாமே இதில் சேரும். சுருக்கமாக, வார்த்தையை எடுத்துவிட்டால் மிச்சமாக என்னவெல்லாம் அடுத்தவருக்குப் போய்ச் சேருகிறதோ அத்தனையும்.

தமிழுக்கு இது புதுசும் இல்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை, கையை விரித்துவிட்டான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, எல்லாம் இந்தக் கணக்குதான். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மனசில் இருப்பது உடம்பில் தெரிகிற விதத்தை எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது, பொருட்பாலில் 71ஆவது அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆவது. அரசன் முகத்தைப் படிக்கிற அமைச்சனுக்கும் காதலி கண்ணைப் படிக்கிறவனுக்கும் ஒரே தலைப்பு. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

கொங்கு நாட்டில் இது கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். காரணம் அந்த 'ங்க'. எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதை வார்த்தையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏனுங்க, ஆமாங்க, வர்றனுங்க. பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கூட "நீங்க பேசறது சரியில்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உருகிப்போவார்கள், என்ன மரியாதையான ஊர் என்று. சரிதான். ஆனால் கோபத்திலும் 'ங்க', பாசத்திலும் 'ங்க', காசு தர மாட்டேன் என்பதற்கும் 'ங்க' என்றால் வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிக்க முடியும்? மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

'சரிங்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி முடிந்த அடுத்த நொடி, கொஞ்சம் மேல்குரலில், தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து 'சரிங்!' என்று வந்தால், வேலை முடிந்தது என்று நீங்கள் நடையைக் கட்டலாம். 'சரீங்ங்...' என்று இழுத்து, கடைசியில் குரல் கீழே இறங்கினால் ஒப்புக்கொண்டுவிட்டார், மனசு இல்லை. கட்டையாக, வெட்டினாற்போல ஒரு 'சரி', அந்த 'ங்' மட்டும் காணாமல் போயிருந்தால் கோபம். போனில் நாம் பேசப் பேச நடுநடுவே 'சரிங்... சரிங்... சரிங்' என்று தாளம் மாதிரி வந்தால் அது சம்மதமே இல்லை, உம் கொட்டுவது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். இந்தக் கடைசி வகையைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு, தென்னந்தோப்புக் குத்தகை முடிந்துவிட்டது என்று ஊர் பூராவும் சொல்லிவிட்ட பங்காளி ஒருவர் எங்களுக்கு இருக்கிறார்.

அப்புறம் இந்த நேர இடைவெளி. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து பத்து மொழிகளை எடுத்து, ஆமாம் இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்து பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி செகண்டு, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்கிற பதில் சீக்கிரம் வருகிறது, மறுக்கிற பதில் தாமதமாக வருகிறது. கைமாத்துக் கேட்டுப் பழகினவர்களுக்கு ஆய்வே வேண்டாம். "ஒரு பத்தாயிரம் இருந்தா..." என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஒரே ஒரு நொடி சத்தம் வராவிட்டால் போதும், நாமே "பரவாயில்லீங்க, அவசரமில்ல" என்று இறங்கிவிடுவோம். அவர் இன்னும் இல்லை என்றே சொல்லியிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையை உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புகளில் மைக்கைப் பிடிக்கிற எல்லோரும் சொல்கிற கணக்கு இது: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. இந்த எண்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல, ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஆனால் அவர் சோதித்தது என்ன? தனித்தனி வார்த்தைகளைப் பல தொனியில் பதிவு செய்து கேட்க வைத்தார், கூடவே முகங்களின் போட்டோக்களைக் காட்டினார், பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார். வார்த்தையும் முகமும் முரண்படும்போது ஜனங்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. பிடிக்கும் பிடிக்காது என்கிற உணர்ச்சியைத் தாண்டி எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் மலையாளம் தெரியாத ஒருவர் பாலக்காட்டில் இறங்கி முகத்தை மட்டும் பார்த்தே 93 சதவீதம் புரிந்துகொண்டு வந்துவிடலாமே!

ஆக, உடம்பு வார்த்தையை விட உசத்தி என்று பொருள் இல்லை. மாமா வீட்டில் அம்மா செய்ததுதான் உண்மையில் நடப்பது: வார்த்தை ஒன்று சொல்லி முகம் வேறு சொன்னால், நாம் முகத்தை எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்வது எப்போதும் சரி என்று சொல்லவில்லை.

இதில் இரண்டு விதம் இருக்கிறது, ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஒன்று, தெரிந்தே செய்கிற, ஊர் கூடி அர்த்தம் வைத்திருக்கிற சைகை. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இன்னொன்று தன்னையறியாமல் கசிவது. பால் எக்மேனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969இல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அகராதியில் போடலாம் என்கிற அளவுக்கு அர்த்தம் நிலைத்த சைகைகள் ஒரு பக்கம், பதற்றத்தில் மோதிரத்தைத் திருகுவது, துண்டு நுனியை முறுக்குவது மாதிரியானவை மறுபக்கம், நடுவில் பேச்சோடு சேர்ந்து ஆடுகிற கைகள், பேச்சு யார் முறை என்று காட்டுகிற பார்வைகள், உணர்ச்சியைக் காட்டுகிற முகம். வகைப் பெயர்கள் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம், சித்திரையில் கண்ணபுரம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், கைகள் மேல் ஒரு துண்டு கிடக்கும், துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொண்டிருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்று யாரும் சொல்வதில்லை, எதிரில் நிற்பது காங்கயம் காளையா கிழட்டு எருமையா என்பது இருவருக்கும் தெரியும். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை வெளியே போகாது. அடுத்த ஆளிடம் வேறு விலை சொல்லலாம், குறைந்த விலைக்குக் கேட்டார்கள் என்ற கௌரவக் குறைச்சலும் விற்கிறவருக்கு இல்லை. வாயோ வேறு கதை பேசிக்கொண்டிருக்கும்: "ஏனுங்க, மழை உங்க பக்கம் பரவாயில்லீங்களா?"

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இந்தத் தரகில் கெட்டிக்காரர். விரல் சொல்கிற தொகையை விட விரல் எப்படிச் சொல்கிறது என்பதுதான் முக்கியம் என்பார். மூன்று விரலைப் பிடித்தவர் பிடியைத் தளர்த்தாமல் வைத்திருந்தால் அதற்கு மேல் ஏற மாட்டார். பிடித்த கை லேசாக வேர்த்து, பார்வை ஒரு தடவை மாட்டின் பக்கம் போய்வந்தால் இன்னும் அரை விரல் ஏறுவார். அவர் இதைச் சொல்லித் தருவதாகப் பத்து வயதில் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார், எனக்கு அங்கே விற்ற பொரிகடலைதான் ஞாபகம் இருக்கிறது.

சைகைக்கு ஊர் எல்லை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். நம் தலையாட்டலோ, அது மேலும் கீழுமாகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல் எட்டுப் போடுகிற மாதிரி ஒன்று, வெளிநாட்டுக்காரரைப் பைத்தியமாக்கிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிற நண்பன் சொன்னது: ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர், வெள்ளிக்கிழமை சரக்குப் போய்விடுமா என்று கேட்டார். மேனேஜர் தலையை ஆட்டினார். பையர் நண்பனிடம் ரகசியமாக, "இது ஆமாமா, இல்லையா, இருக்கலாமா?" என்று விசாரித்தார். நண்பன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் புலம்பினான், "நெசமா மேனேஜர் சொன்னது இருக்கலாம்தான்டா." அந்தக் கம்பெனிகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் நிறைய. டெய்லருக்குத் தமிழ் தெரியாது, செக்கிங் அக்காவுக்கு இந்தி தெரியாது, பீஸைத் தூக்கிக் காட்டி, தையல் போன இடத்தில் விரலை வைத்து, உதட்டைப் பிதுக்கினால் விஷயம் முடிந்தது. அங்கே வார்த்தைதான் உபரி.

இடைவெளி பற்றி ஒரு பத்தி. எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1960களில் இதை அளந்து எழுதினார். அமெரிக்காவில் பார்த்த வரையில், ஒன்றரை அடிக்குள் வரலாம் என்றால் மனதுக்கு நெருங்கினவர். ஒன்றரையிலிருந்து நான்கு அடி நண்பர்களுக்கு. நான்கிலிருந்து பன்னிரண்டு வேலை விஷயமாகப் பேசுகிறவர்களுக்கு. அதற்கு மேல் மேடைப் பேச்சு. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் அவரே வலியுறுத்தினார். காலை எட்டு மணிக்குக் கோவை உக்கடத்தில் டவுன் பஸ் ஏறினால் ஒன்றரை அடி என்பது கனவு. ஆனால் அங்கேயும் விதி இருக்கிறது, கவனியுங்கள்: உடம்பு ஒட்டி நிற்கும்போது கண்கள் விலகிக்கொள்ளும். எல்லோரும் ஜன்னலையோ போனையோ பார்ப்பார்கள். உடம்பால் கொடுக்க முடியாத தூரத்தைப் பார்வையால் கொடுக்கிறோம். அந்த நெரிசலிலும் ஒருவர் வெறித்துப் பார்த்தால் பெண்களுக்கு ஏன் உடனே சுரீர் என்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கண்ணைப் பற்றித்தான் அதிகம் தப்பாக நம்பப்படுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய் சொல்கிறான் என்பது உலகம் பூராவும் இருக்கிற நம்பிக்கை, 58 நாடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், பொய்யனின் அடையாளமாக அதிகம் பேர் சொன்னது இதைத்தான். ஆனால் நம்பிக்கை வேறு, நிஜம் வேறு. பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2006இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பார்த்தபோது, ஜனங்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்! எங்கள் பக்கத்துக் காலேஜ்களில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற கிராமத்துப் பையன்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பெரியவர்கள் பேசும்போது தலையைக் குனிந்து நில் என்று இருபது வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அவன் அங்கே போய் மரியாதைக்குத் தலை குனிகிறான், எதிரே இருப்பவர் நம்பிக்கை இல்லாத பையன் என்று எழுதிக்கொள்கிறார்.

கை கட்டி நின்றால் மனசை மூடிக்கொண்டார் என்பதும் இதே ரகம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள், அத்தனை பேரும் கை கட்டித்தான் நிற்பார்கள்.

சரி, மாமா கதை. அந்தக் குறை அம்மாவுக்குள் இரண்டு வருஷம் ஊறிக் கிடந்தது. அப்புறம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் அத்தை போகிற போக்கில் சொன்னார், மாமாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது என்று. மாமா முப்பது வருஷம் தறிக்குடோனில், விசைத்தறி ஓடுகிற கொட்டகையில், இருந்தவர். நாடா தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. குடோனுக்குள் எல்லாப் பேச்சும் கைதான்: இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது, கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் டீ வந்தாச்சு, உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை தட்டினால் தறியை நிறுத்து. ஒருவர் உதட்டை ஒருவர் படித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட காதோடு உட்கார்ந்திருக்கிற மனுசன், விருந்தாளி பேசுவது விழ வேண்டுமே என்று நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பினார். வலது காது எங்களைப் பார்த்தால் முகம் எங்கே பார்க்கும்? இடப்பக்கம், டிவி இருந்த சுவரை. எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம், அவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். டிவி சத்தம் ஜாஸ்தி என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

இதற்குத்தான் ஒருவருடைய வழக்கம் தெரியாமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது. அதே குடோனில் இருந்த இன்னொருவர் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண், மாமனார் எந்நேரமும் திட்டுகிறார் என்று முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தாள். அவர் 'சாப்பிட்டியா அம்மிணி' என்று கேட்பதே அந்தச் சுருதியில்தான். பயிற்சிப் புத்தகங்கள் சைகைக்கு அர்த்தம் சொல்லித் தரும். ஆனால் பார்க்க வேண்டியது சைகையை விட மாற்றத்தை. எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் இன்று மெல்லப் பேசினால், எப்போதும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர் இன்று உட்கார்ந்த இடத்திலேயே கையை ஆட்டினால், அப்போது யோசிக்கலாம். யோசித்துவிட்டு, முடிந்தால் வாயைத் திறந்து கேட்டுவிடலாம். கேட்டிருந்தால் அம்மாவுக்கு இரண்டு வருஷம் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மரியாதையான ஊர் என்று மேலே பெருமையாக எழுதினேன். அந்த 'ங்க' எல்லோருக்கும் போவதில்லை. எங்கள் ஊர்களில் எழுபது வயசுக்காரரைத் தோட்டத்து வீட்டுப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், அவர்தான் பதிலுக்குச் 'சாமி' போட்டார். வார்த்தை இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது, சட்டத்துக்குப் பயந்தோ காலத்துக்குப் பயந்தோ. உடம்பு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. தண்ணீரைக் கையில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவது, சில்லறையைக் கையில் வைக்காமல் பலகையில் வைப்பது, 'உக்காருங்க' என்று சொல்லிவிட்டு உட்கார எதுவும் எடுத்துப் போடாமல் இருப்பது, டீக்கடையில் சிலருக்கு மட்டும் வேறு டம்ளர் வருவது. வாயால் சொன்னால் வழக்குப் போடலாம், இதற்கு என்ன சாட்சி? வாங்கிக்கொள்கிறவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாகப் புரிகிறது. சொற்களற்ற தொடர்பு என்றதும் புன்னகை, கை குலுக்கல் என்றே எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆஸ்பத்திரி விஷயம் சின்னதுதான், ஆனால் எனக்கு மறக்கவில்லை. முழங்கால் வலிக்கு அம்மாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார், தட்டினார், சீட்டைக் கொடுத்தார். மருந்து சரியான மருந்துதான், வலியும் குறைந்தது. வெளியே வந்ததும் அம்மா, "அந்த டாக்டர் என்னையப் பாக்கவே இல்ல கண்ணு" என்றாள். தமிழில் டாக்டர் பார்ப்பது என்றால் வைத்தியம் பார்ப்பதும்தான், கண்ணால் பார்ப்பதும்தான். இரண்டாவது நடக்காததால் முதலாவதும் நடக்கவில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அடுத்த வாரம் வேறு டாக்டர். அவர் முழங்காலைத் தொட்டு, "இங்கயாம்மா?" என்று கேட்டுவிட்டு அதே மாத்திரையை எழுதினார்.

வாட்ஸ்அப்பில் இதெல்லாம் இல்லை என்பதுதான் அங்கே நடக்கிற பாதிச் சண்டைக்குக் காரணம். 'சரி' என்று இரண்டு எழுத்து வருகிறது, மேலே சொன்ன நாலு 'சரி'யில் இது எது? சித்தப்பா எல்லாவற்றுக்கும் ஒரு கட்டை விரலைப் போடுகிறார், அவருக்கு அது ஆசீர்வாதம். அண்ணன் மகளுக்கு அது 'போதும் நிறுத்து'. அதே சித்தப்பா போனில் வழி சொல்லும்போது பாருங்கள், "வேப்பமரம் தாண்டி இக்கட்டால (இந்தப் பக்கமாக) திரும்பு" என்று கையை முழுசாக வீசிக் காட்டுவார், யாருக்குத் தெரியப்போகிறது? சிரிக்க வேண்டாம். பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைகள், எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தும், பேசும்போது கையை ஆட்டுகிறார்கள் என்று 1998இல் ஜனா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் எழுதினார்கள். கை ஆடுவது பார்ப்பவருக்காக மட்டும் இல்லை, சொல்கிறவர் யோசிப்பதற்கும்தான் என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள்.

புதிதாகக் கவனிக்க ஆரம்பிக்கிறவர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பிக்கலாம். இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் 'போதும்' என்று வாயால் சொல்லி, கையை இலைக்கு மேல் ஓரடி உயரத்தில் காட்டுவார். பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி வைத்துவிட்டே போவார், யாருக்கும் வருத்தமில்லை. கையை இலையை ஒட்டிக் கவிழ்த்து, உடம்பையும் குனிந்து மறைத்தால் உண்மையிலேயே போதும். ஓரடிக்கும் ஓரங்குலத்துக்கும் இடையே இருக்கிற வித்தியாசத்தைப் பரிமாறுகிற பையன்கள் நொடியில் படித்துவிடுகிறார்கள், அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை.

இழவு வீட்டில் இன்னும் துல்லியமாகத் தெரியும். போன வருஷம் அம்மாயி, அம்மாவின் அம்மா, இறந்தபோது வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றோம். வருகிறவர்கள் ஒவ்வொருவராக இரண்டு கையையும் நீட்டுவார்கள், நாங்கள் தொடுவோம், அவர்கள் போய் நாற்காலியில் உட்காருவார்கள். 'வாங்க' கிடையாது. எத்தனையோ பேர், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் போல மாமா வந்தார், அந்த டிவி மாமா. கையை நீட்டினார், தொட்டேன், மற்றவர்களை விடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தார். அப்புறம் பெண்கள் இருந்த பக்கம் போய் அம்மாவுக்கு இடப்பக்கமாக, நல்ல காது அவள் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் எழுந்தபோது, இழவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' சொல்லக் கூடாது இல்லையா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நடந்து போனார்.